சரக்கு இறங்குகிற வாசல்

மதிப்பிற்குரிய ஐயா,

ஏழு வருடங்களாக அமெரிக்காவில், ஆர்க்கன்சா மாநிலத்தின் பென்டன்வில்லில் இருக்கிறேன். இங்கே தலைமையகம் வைத்திருக்கிற பெரிய கடைச் சங்கிலியான வால்மார்ட்டுக்கு, ஓர் ஒப்பந்த நிறுவனம் வழியாக மென்பொருள் வேலை. சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம்.

போன மே மாதம் ஊருக்கு வந்திருந்தேன். பைபாஸில் கார் நிறுத்தும் இடத்தோடு பெரிய சூப்பர் மார்க்கெட் வந்திருக்கிறது. மெயின் பஜாரில் என் தாய்மாமா 31 வருடம் நடத்திய மளிகைக் கடை இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். கேட்காமலே பையில் விழும் கருவேப்பிலை, கைநீட்டினால் கிடைக்கும் ஒரு துண்டு வெல்லம், நோட்டில் எழுதிக்கொள்ளும் கடன் என்று அண்ணாச்சி கடைகளில் இருந்த மனித உறவு இனி எங்கே கிடைக்கும்? மாமா சிரித்துக்கொண்டே, "நீ வேலை பாக்குறதும் இந்த மாதிரிக் கடைக்குத்தான மாப்ள?" என்று கேட்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

2012-ல் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை உள்ளே விட்டதுதான் காரணம் என்கிறார் மாமா. வாடிக்கையாளர்கள் விரும்பித்தான் போகிறார்கள், இது காலத்தின் போக்கு என்கிறார்கள் என் நண்பர்கள். நான் இந்த வேலையில் இருப்பது தவறா? பெரிய கடைகளை நாம் புறக்கணிக்க வேண்டுமா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் அப்பாவின் மர பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். அப்பா போய் இரண்டு வருடமாகிறது. பீரோ முழுக்கக் கடைப் பேரேடுகள், ஏஜென்சி சிட்டைகள், தொழில்வரி ரசீதுகள். நடுவில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. பிரித்தால் அத்தனையும் சூப்பர் மார்க்கெட் பில்கள். எழுத்து அழிந்து பாதி வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. 35 வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்த மனிதர் சூப்பர் மார்க்கெட் பில்லை எதற்காகப் பத்திரப்படுத்த வேண்டும்? எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். உங்கள் கேள்விகளுக்கு இதில் பதில் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

குற்றவுணர்ச்சியைத் தூக்கிப் போடுங்கள். நீங்கள் வேலையை விட்டால் அடுத்த திங்கட்கிழமை அந்த நாற்காலியில் ஒரு விஜயவாடாக்காரர் உட்கார்ந்திருப்பார். மாமாவின் ஷட்டர் ஓர் அங்குலம்கூட மேலே ஏறாது. அந்நிய முதலீடும் அப்படித்தான். 2012 செப்டம்பரில் 51 சதவீதம் வரை அனுமதித்தது மத்திய அரசு. ஆனால் மாநிலம் ஒப்புக்கொண்டால் மட்டும் என்று நிபந்தனை இருந்தது. ஜெயலலிதா தமிழ்நாட்டுக்குள் விடமாட்டேன் என்று சொன்னார், விடவும் இல்லை. உங்கள் பைபாஸில் நிற்பது அநேகமாக நம் நாட்டு முதலாளியின் கடையாகத்தான் இருக்கும். இதை மாமாவிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். அவருக்குக் கோபப்பட ஓர் ஆள் தேவைப்படுகிறது, வால்மார்ட் தூரத்தில் இருப்பதால் வசதி.

ஆனால் அந்தக் கருவேப்பிலையை நான் சும்மா விடப்போவதில்லை.

எங்கள் பக்கம் அண்ணாச்சி என்பது பஸ் கண்டக்டரையும் கூப்பிடுகிற சொல். அதைக் கடைக்காரருக்கென்று ஒதுக்கியது சென்னை. தாய்மாமன் கடை வைத்திருந்த நீங்கள் சென்னைக்காரர்களின் சொல்லை எடுத்து அவர்களுடைய ஏக்கத்தைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைக்கு உள்ளே நின்றவனுக்கு இதைப் படித்தால் எரிச்சல்தான் வரும். எங்கள் கடையில் வேலை பார்த்த பையன் பன்னிரண்டு வயதில் வந்தான். அரிசி மூட்டைகளுக்கு இடையில் சாக்கு விரித்துப் படுத்தான். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்தான். அவனை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, என் அப்பா உட்பட. கடன் நோட்டு என்கிறீர்களே, நோட்டில் எழுதி வாங்குகிறவருக்கும் கையில் காசு வைத்திருப்பவருக்கும் ஒரே விலையா போட்டோம்? பருப்பில் இரண்டு ரூபாய் கூட இருக்கும். அது அவர்களுக்கும் தெரியும், வேறு போக்கிடம் கிடையாது. யாருக்குக் கடன் இல்லை என்பதையும் அந்த நோட்டுதான் சொல்லும். எந்தெந்தத் தெருக்காரர்கள் அதில் இல்லவே இல்லை என்று நான் காலேஜ் போன பிறகுதான் கவனித்தேன்.

இன்னொன்று. பெரிய கடை வந்ததும் முதலில் ஓடியது கையில் காசு வைத்திருந்தவர்கள். அரசு உத்தியோகம், வெளியூர்ச் சம்பளம், பிள்ளை அமெரிக்காவிலிருந்து அனுப்புகிற டாலர். கடைசிவரை எங்களிடம் வாங்கியது நோட்டுக்காரர்கள். மாமா கடையில் உங்கள் வீட்டு மாதச் சாமான் கடைசியாக எப்போது வாங்கினீர்கள்? கடிதத்தை மூன்று முறை படித்தேன், அது மட்டும் அதில் இல்லை.

இருக்கட்டும். உங்கள் நண்பர்கள் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன்: "வாடிக்கையாளர்கள் விரும்பித்தான் போகிறார்கள்." இது யாருடைய வாக்கியம் என்று பென்டன்வில்லில் இருந்துகொண்டே உங்களுக்குத் தெரியாதது எனக்கு ஆச்சரியம். ஊர்ச் சதுக்கத்தில், வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டனின் பழைய கடையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் நூறு முறை அதைக் கடந்து நடந்திருப்பீர்கள்.

வால்டன் தொழில் பழகிய ஊர் அது இல்லை. 1945-ல் அதே மாநிலத்தில் நியூபோர்ட் என்ற சிற்றூரில் ஒரு கடையை வாங்கினார். பென் ஃபிராங்க்ளின் என்ற சங்கிலியின் உரிமக் கடை. மாமனார் கொடுத்த 20,000 டாலர், கையிலிருந்து 5,000. ஐந்து வருடத்தில் அதைச் சுற்றுவட்டாரமே பேசும் கடையாக்கினார். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் நீட்டிப்புக்கான ஷரத்தைச் சேர்க்க மறந்திருந்தார். 1950-ல் கட்டடக்காரர் தன் மகனுக்குக் கடை வேண்டும் என்று சொல்லிவிட்டார். வால்டன் குடும்பத்தோடு வெளியேறி, அன்றைக்கு சுமார் 3,000 பேர் இருந்த பென்டன்வில்லுக்கு வந்து சேர்ந்தார். 1962-ல் பக்கத்து ஊரான ரோஜர்ஸில் முதல் வால்மார்ட். 1969-ல் நியூபோர்ட்டிலேயே ஒரு வால்மார்ட்டைத் திறந்தார், பதினெட்டாவது கடை. கொஞ்ச நாளில் கட்டடக்காரர் மகனின் கடை மூடிப்போயிற்று. நான் அவனை விரட்டவில்லை, அவனுடைய வாடிக்கையாளர்கள்தான் மூடினார்கள், கால்களால் ஓட்டுப் போட்டார்கள் என்று தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். உங்கள் நண்பர்கள் சொல்வது அந்த வரியைத்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மனிதர் அதே கதையில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நியூபோர்ட் கடைக்குச் சரக்கில் எண்பது சதவீதத்தைச் சங்கிலிக்காரர்களிடமே எடுத்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் பெண்களுக்கான உள்ளாடையை டஜன் இரண்டரை டாலருக்குக் கொடுத்தார்கள். வால்டன் நியூயார்க்கில் ஓர் ஆளைப் பிடித்தார், அவர் இரண்டு டாலருக்குக் கொடுத்தார். ஒரு டாலருக்கு மூன்று விற்ற சாமானை நான்காக விற்க முடிந்தது. இது தவிர, கடையை அடைத்துவிட்டு ராத்திரியில் காரின் பின்னால் வீட்டில் செய்த ஒரு ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு, மிசிசிப்பி நதியைப் படகில் தாண்டி டென்னசிவரை போய்ச் சரக்கு எடுத்து வருவார். அவர் ஜெயித்தது வாடிக்கையாளர் நுழைகிற வாசலில் இல்லை. சரக்கு இறங்குகிற வாசலில்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் டி.வி.எஸ். 50 ஞாபகம் வந்தது.

2018 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டை ஏஜென்சிக்காரர் அப்பாவுக்கு 93 ரூபாய்க்குப் போட்டார். போன வாரப் பாக்கியைத் தீர்த்தால்தான் வண்டியிலிருந்து பெட்டி இறங்கும். அதே பிராண்ட், அதே பாக்கெட், சூப்பர் மார்க்கெட் வாசலில் 86 ரூபாய் என்று தட்டி வைத்திருந்தார்கள். புரிகிறதா? பொதுமக்களுக்கு அவர்கள் விற்கிற விலை, என் அப்பா வாங்குகிற விலையைவிட ஏழு ரூபாய் குறைவு. ஆனால் ஒரு பில்லுக்கு இரண்டு பாக்கெட்தான்.

"சும்மா வாடா, ஒரு சாமான் தூக்கணும்" என்று அப்பா கூப்பிட்டார். போனால் அம்மாவும் வருகிறாள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்த அந்தப் பையன், இப்போது நரை விழுந்த ஆள், அவரும் வருகிறார். நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு பாக்கெட்டை எடுத்து வெவ்வேறு கவுண்டரில் நின்று பில் போட்டோம். வெளியே வந்து வேப்பமரத்தடியில் அந்த டி.வி.எஸ். 50 பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே. அப்பா கடை பெயர் போட்ட மஞ்சள் பையை உள்பக்கம் வெளியாகத் திருப்பி வைத்திருந்தார். மூன்றாவது நடையில் பில் போடுகிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் தெருப் பெண்தான், அவள் வீட்டுக்கு எங்கள் நோட்டில் ஒரு பக்கம் உண்டு.

"கடைக்கா தாத்தா?"

"வீட்ல விசேஷம்மா."

என்ன விசேஷம் என்று அவள் கேட்கவில்லை. பில்லைக் கிழித்துக் கொடுத்தாள்.

24 பாக்கெட். அப்பா அதை 92-க்கு விற்றார்.

பில்களை ஏன் வைத்திருந்தார் என்றால், கொள்முதலுக்குச் சிட்டை இல்லாமல் அவர் பேரேட்டில் வரவு வைக்கமாட்டார். கடையின் கடைசி வருடப் பேரேட்டைப் புரட்டினேன். கொள்முதல் பக்கத்தில் எந்த ஏஜென்சியைவிடவும் அதிக முறை எழுதியிருப்பது அந்த சூப்பர் மார்க்கெட்டின் பெயர்தான்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கடை எங்கே தோற்றது? கடை சுத்தமாக இருந்தது. யார் வீட்டில் சர்க்கரை வியாதி, யார் வீட்டில் எந்தப் பருப்பு வேகும் என்று அப்பாவுக்கு மனப்பாடம். காலை ஐந்தரைக்குத் திறந்தார், ராத்திரி பத்துக்கு மூடினார். இதற்கு மேல் என்ன செய்திருக்க வேண்டும்? சேவையை மேம்படுத்துங்கள், ஏ.சி. போடுங்கள், செயலி தொடங்குங்கள் என்று சிறு வணிகர்களுக்கு உபதேசம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 93-க்கு வாங்குகிறவன், 86-க்கு விற்பவனோடு போட்டி போட எந்தச் செயலி இருக்கிறது?

மொத்தமாக எடுப்பவனுக்கு விலை குறைவது நியாயம்தானே என்பீர்கள். குறையட்டும். நாற்பது கடைக்கு வண்டி விடுவதைவிட ஒரு கடைக்கு விடுவதில் செலவு மிச்சம்தான். அந்த மிச்சம் எவ்வளவோ அவ்வளவு குறைக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று சட்டம் போட்ட நாடு இருக்கிறது. நீங்கள் இருக்கிற நாடுதான். 1936-ல் வந்த ராபின்சன்-பாட்மன் சட்டம். ஏ அண்ட் பி என்ற ராட்சத மளிகைச் சங்கிலி கம்பெனிகளை மிரட்டித் தனி விலை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்தது. இது விலையை ஏற்றிவிடும், சோம்பேறிக் கடைகளைக் காப்பாற்றும் என்று பொருளாதார அறிஞர்கள் எதிர்த்தார்கள். 1980-களிலிருந்து அரசு அதைக் கிட்டத்தட்ட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டது. 2025 ஜனவரியில் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்துக்கு மட்டும் சலுகை தருவதாக பெப்சி மீது கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குப் போட்டது. நிறுவனத்தின் பெயரை ஆணையம் சொல்லவில்லை, பத்திரிகைகள் உங்கள் ஊர்க் கம்பெனி என்று எழுதின. ஆட்சி மாறியது, மே மாதம் வழக்கை ஆணையமே திரும்பப் பெற்றது. இங்கேயும் 2021 டிசம்பரில் விநியோகஸ்தர்களின் கூட்டமைப்பு, எங்களுக்கு ஒரு விலை, மொத்தக் கொள்முதல் கம்பெனிகளுக்கு ஒரு விலையா என்று நுகர்பொருள் நிறுவனங்களைக் கேட்டது, சரக்கு எடுக்கமாட்டோம் என்றது. கொஞ்ச நாள் செய்தியில் இருந்தது.

கண் மட்டத்தில் தன் சோப்பை அடுக்க பெரிய கடைக்குக் கம்பெனி பணம் கொடுக்கிறது. அதே கம்பெனி அப்பாவுக்கு ஒரு தகர போர்டும் வருடா வருடம் ஒரு காலண்டரும் கொடுத்தது.

காலத்தின் போக்கு என்றும் யாரோ சொன்னார்கள் அல்லவா. 1997-ல் சென்னையில் பிறந்த சுபிக்ஷா என்ற கடைச் சங்கிலி 1,600 கடை வரை வளர்ந்து 2009-ல் ஷட்டரை இறக்கியது. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ஓரியன்டல் என்று ஆயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊர். 2014-ல் வால்மார்ட் அங்கே ஒரு சின்னக் கடை திறந்தது, அடுத்த வருடம் ஊர்ப் பழைய மளிகைக் கடை மூடியது, 2016 தொடக்கத்தில் வால்மார்ட்டும் மூடிவிட்டுப் போனது. இதில் காலம் எந்தப் பக்கம் போகிறது என்று நண்பர்களைக் கேளுங்கள்.

புறக்கணிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாதக் கடைசியில் விலை குறைந்த இடம் பார்த்து எண்ணெய் வாங்குகிற தையல்காரரிடம் போய் கூடுதலாகக் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மாவே இப்போது அங்கேதான் வாங்குகிறாள்.

மாமாவுக்குப் போன் செய்யுங்கள். மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம், சங்கடப்படுவார். கடைசி வருடம் எண்ணெயை ஏஜென்சியில் என்ன விலைக்கு எடுத்தார் என்று மட்டும் கேளுங்கள். பைசா சுத்தமாகச் சொல்வார், யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். கடை போன பிறகும் அவர் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார், உங்களுக்கு அப்போது முந்தின நாள் சாயங்காலம்.

அன்புடன்.