'ஐ ஆம் ஹேவிங்' எங்கே சரி, எங்கே தப்பு?

கேள்வி: நேர்காணலில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்றேன். தப்பு என்று திருத்தினார்கள். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' மட்டும் எப்படிச் சரி?

பதில்: திருத்தியது சரிதான், தம்பி. 'ஹேவ்' பல வேலை செய்கிற சொல். 'ஐ ஹேவ் எ பைக்' என்றால் என்னிடம் பைக் இருக்கிறது. 'ஐ ஹேவ் டு கோ' என்றால் போயாக வேண்டும். 'ஐ ஹேவ் ஈட்டன்' என்றால் சாப்பிட்டாயிற்று. அங்கே அது வெறும் துணைவினை. 'ஹேவ் லஞ்ச்' என்றால் சாப்பிடுவது. முதலாவதையும் கடைசியையும்தான் நீங்கள் குழப்பிக்கொண்டீர்கள்.

தமிழிலேயே சோதித்துப் பாருங்கள். 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்கிறோம். 'எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று யாராவது சொல்வார்களா? 'கொண்டிரு' ஒட்டாத இடத்தில் 'ஹேவிங்' வேண்டாம். காய்ச்சல், சந்தேகம், வீடு, பணம் எல்லாமே 'ஐ ஹேவ்'தான்.

பிள்ளை விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'ஷீ இஸ் ஹேவிங் எ பேபி' சரியான வாக்கியம். ஆனால் அவருக்குக் குழந்தை இருக்கிறது என்று அர்த்தமில்லை, பிறக்கப்போகிறது என்று அர்த்தம். என்னிடம் படித்த ஓர் அம்மாவுக்கு 10 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் போனில் 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்றிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம்: வாழ்த்துகள், இரட்டையா, எத்தனை மாதம்? இவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பிறந்த பிள்ளைக்கு 'ஹேவ்', பிறக்கப்போகிற பிள்ளைக்கு 'ஹேவிங்'. இதை மாற்றவே கூடாது.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? '30 நாளில் சரளமான ஆங்கிலம்' என்று பலகை வைத்திருக்கிறார்களே, அவர்களில் பலர் 'கிறேன் என்று வந்தால் இங் போடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நேர்காணல் பதில் என்று ஜெராக்ஸ் தாள் விற்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். கேள்வி கொஞ்சம் மாறினாலே அந்தத் தாள் கைவிட்டுவிடும். பள்ளிக்கூடத்திலும் 12 வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியும், கோடிட்ட இடத்தை நிரப்பவைத்து மார்க் போட்டார்களே தவிர, ஒரு பிள்ளையை எழுப்பி அதன் வீட்டைப் பற்றிப் பேசவைத்தார்களா? எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, அடுத்த நேர்காணலுக்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் இருப்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து 'ஐ ஹேவ் எ சைக்கிள்', 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்று தினமும் பத்து வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மதியம் தட்டின் முன் உட்கார்ந்ததும் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்'.