மூடிய ஆலையின் கழிவு: சுத்தம் செய்யும் செலவு யார் தலையில்?

கேள்வி: எங்கள் நிலத்தை ஒட்டியிருந்த குரோம் முலாம் பூசும் ஆலையை மூடிவிட்டார்கள். மழை பெய்தால் அதன் சுற்றுச்சுவர் அடியிலிருந்து மஞ்சள் நீர் கசிகிறது. மூன்று ஆண்டுகளாகக் கிணற்றுத் தண்ணீரும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. முதலாளி கைவிரித்துவிட்டார், வங்கி இடத்தை ஏலம் விடப்போகிறது. அதிகாரிகளைக் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். என்ன வழி?

பதில்: நிதி இல்லை என்று சொல்லிவிட்டால் அரசின் கடமை தீர்ந்துவிடாது. ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் ரசாயன ஆலைகள் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆலைகள் பணம் கட்டாமல் இழுத்தடித்தன. 2011இல் அதே நீதிமன்றம், 37.385 கோடி ரூபாயை 12 சதவீதக் கூட்டு வட்டியுடன் கட்டச் சொன்னது. தீர்ப்பு வாங்குவதைவிடக் காசு வாங்குவது கடினம்!

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள். அவற்றின்படி சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட வேண்டும். மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்து, பொறுப்பாளி யார் என்று கண்டறிய வேண்டும். செலவு அவருடையது. அவர் அகப்படாவிட்டாலோ, கட்ட வழியில்லாவிட்டாலோ மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் இன்றே பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள்.

ஆனால் அரசுப் பணம் ஒதுக்கீடு, அனுமதி, டெண்டர் என்று மெதுவாகத்தான் நகரும். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல், கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அங்கேயே கிடந்தது. ஆகவே சுத்திகரிப்பு முடியட்டும் என்று இழப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில், அதன் சட்டத்தின் 15ஆவது பிரிவின் கீழ் இழப்பீடு, நில மீட்பு இரண்டும் கேட்கலாம். பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளே கெடு. தண்ணீர் எப்போது மஞ்சளானது என்பதில்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்களைக் குடைவார். பழைய புகார் நகல், தேதியுள்ள புகைப்படம், எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுக்கும்போது குரோமியம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் உப்பு, கடினத்தன்மையோடு நிறுத்திவிடுவார்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு.

ஏலத்துக்கு முன்பே வங்கிக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். 'உள்ளது உள்ளபடி' என்று விற்றுவிட்டு ஒதுங்குவதே வழக்கம். மாசு பற்றி எழுத்தில் தெரிவித்துவிட்டால், வாங்குபவர் தெரியாது என்று பின்னால் சாதிப்பது கடினம். நிறுவனம் திவால் நடவடிக்கையில் இருந்தால், அந்த நடவடிக்கையை நடத்தும் அலுவலரிடமும் உங்கள் கோரிக்கையைக் கெடுவுக்குள் பதிவு செய்யுங்கள். அங்கே வங்கிக் கடனுக்குத்தான் முன்னுரிமை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கேட்கும் இழப்பீட்டில் 1 சதவீதம் கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.