ஒரு சராசரி சூப்பர் ஹீரோ படத்தின் பலங்களும் பலவீனங்களும் யாவை?

தலைசிறந்த படத்தையோ படுதோல்விப் படத்தையோ முன்னால் வைத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை சொன்னால் அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், நடுவில் நிற்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 2015 ஜூலையில் வெளியான மார்வெலின் ‘ஆன்ட்-மேன்’ அதற்குப் பொருத்தமானது. ஏறத்தாழ 13 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் 52 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. அதே ஆண்டில் வந்த இரண்டாவது ‘அவெஞ்சர்ஸ்’ படம் 140 கோடி டாலரைத் தொட்டதை நினைத்துப் பார்த்தால் இதன் இடம் விளங்கும். நட்டமும் இல்லை, திருவிழாவும் இல்லை.

கதை எளிமையானது. சான் குவென்டின் சிறையிலிருந்து வெளிவரும் ஸ்காட் லாங் என்னும் திருடன், ஹாங்க் பிம் என்ற முதிய விஞ்ஞானியின் உடையை அணிந்து எறும்பளவுக்குச் சுருங்கி, அதே தொழில்நுட்பத்தை ஆயுதமாக்கி விற்க முனையும் டேரன் கிராஸிடமிருந்து அதைக் கவர்ந்து வர வேண்டும்.

இவ்வகைப் படங்களின் முதற்பெரும் பலம், நாயகன் தன் சக்தியைத் தற்செயலாகக் கண்டுகொள்ளும் அந்தப் பத்து நிமிடங்களில் இருக்கிறது என்பது என் கருத்து. ஸ்காட் அந்த உடையைக் குளியல் தொட்டிக்குள் நின்று போட்டுப் பார்க்கிறான். பொத்தானை அழுத்தியதும் சுருங்குகிறான். வெளியிலிருந்து வரும் நண்பன் எதுவும் அறியாமல் குழாயைத் திறந்துவிட, நாம் நாள்தோறும் வாளியில் பிடிக்கும் அதே தண்ணீர் அவன் மேல் வெள்ளமாகப் பாய்கிறது. தரையின் விரிசல் வழியே கீழ்வீட்டுக்கு விழுந்து, சுழன்றுகொண்டிருக்கும் இசைத்தட்டின் மேல் ஓடி, வாக்யூம் கிளீனரின் வாய்க்கும் தப்ப வேண்டியிருக்கிறது. வில்லன் இல்லை, உலகத்துக்கு ஆபத்து இல்லை, ஆயினும் இருக்கையின் நுனிக்கு வந்துவிடுகிறோம். இயக்குநர் பேட்டன் ரீடின் குழு இத்தகைய காட்சிகளுக்கு, சின்னஞ்சிறு பொருள்களை மிக அருகிலிருந்து படம்பிடிக்கும் மேக்ரோ ஒளிப்பதிவைப் பயன்படுத்தியது; தூசியும் நூலிழையும் நிஜப் பொருள்களாகத் தெரிவதாலேயே அந்த அளவு மாற்றத்தை மனம் ஏற்றுக்கொள்கிறது.

இரண்டாவது பலம் துணைப் பாத்திரங்கள். நாயகன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்பது சீட்டு வாங்கும்போதே தெரிந்துவிடுவதால், அவனைச் சுற்றியிருப்பவர்களிடம்தான் எழுத்தாளருக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கிறது. மைக்கேல் பென்யா நடித்த லூயிஸ், ஒரு திருட்டுக்குத் துப்புக் கிடைத்த கதையை ஊர் சுற்றி வளைத்துச் சொல்லும்போது, அக்கதையில் வரும் ஒவ்வொருவரும் அவனுடைய குரலிலேயே வாயசைப்பார்கள். எத்தனை கோடி கொட்டினாலும் கிராஃபிக்ஸில் கிடைக்காத கலகலப்பு அது.

இனி பலவீனங்கள். முதலாவதை எனக்குக் காட்டித் தந்தவன் பத்து வயதுள்ள என் அக்கா மகன். சுருங்கினாலும் இருநூறு பவுண்டு மனிதனின் விசை அப்படியே இருக்கும், ஆகவே குத்து தோட்டாவைப் போலப் பாயும் என்று படத்தில் ஹாங்க் பிம் விளக்குகிறார். பின்னால் அவரே சாவிக்கொத்தில் தொங்கவிட்டிருந்த குட்டி டாங்கியைப் பெரிதாக்கி, கட்டடச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறுவார். “மாமா, கனம் குறையாதுன்னா அந்தச் சாவிக்கொத்தை அவர் எப்படிப் பாக்கெட்ல போட்டுட்டுப் போனார்?” என்றான். என்னிடம் விடை இல்லை. படத்தை எழுதிய நால்வரிடமும் இருந்திருக்காது. அந்தக் கனத்தோடு ஸ்காட் ஒரு கட்டெறும்பின் முதுகில் ஏறிப் பறப்பதும் அப்படித்தான். மாயம் இருப்பது குறையாகாது. தானே வகுத்த விதியை, அடுத்த காட்சிக்குத் தேவை என்றவுடன் படம் மீறுவதே குறை.

இரண்டாவது பலவீனம் வில்லன். கோரி ஸ்டோல் நல்ல நடிகர். ஆனால் அவர் ஏற்ற கிராஸ் பாத்திரம், நாயகனின் உடையையே வேறு நிறத்தில் மாட்டிக்கொண்டு வரும் ஒருவராகச் சுருங்கிவிடுகிறது. 2008இல் வந்த ‘அயர்ன் மேன்’ படத்திலும் கடைசி எதிரி இன்னும் பெரிய இரும்பு உடை அணிந்தவரே; அதே ஆண்டின் ஹல்க் படத்தில் இன்னொரு ராட்சதன்; 2018இன் ‘பிளாக் பாந்தர்’ முடிவிலும் ஒரே மாதிரி இரு உடைகள் மோதிக்கொண்டன. இதன் காரணம் சிக்கனம் என்று நினைக்கிறேன். ஒரு சக்தியை விளக்கவே அரை மணி நேரம் போய்விடுவதால், இரண்டாவது சக்தி ஒன்றைப் புதிதாக விளக்க நேரம் இருப்பதில்லை. அதனால் கிராஸின் கோபத்துக்குக் காரணம், குருவான பிம் தன்னை நம்பவில்லை என்ற ஆதங்கமும் உடலைச் சுருக்கும் துகள்கள் மூளையைப் பாதித்ததும் என்று இரண்டொரு வசனங்களில் முடித்துவிடுகிறார்கள். முதலில் இயக்கவிருந்த எட்கர் ரைட் பல ஆண்டுகள் இப்படத்தை உருவாக்கிவந்து 2014 மே மாதத்தில் கருத்து வேறுபாட்டால் விலகினார். அவர் எடுத்திருந்தால் வில்லன் உருப்பட்டிருப்பான் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. எடுக்கப்படாத படத்தைப் புகழ்வது எப்போதும் எளிது.

உயிர்ப்பலிக்கு மதிப்பில்லாமல் போவதையும் சொல்ல வேண்டும். அணுவைவிடச் சிறிதாகச் சுருங்கினால் திரும்பவே முடியாது என்று படம் அழுத்திச் சொல்கிறது. பிம்மின் மனைவி 1987இல் அப்படித்தான் மறைந்துபோனார். ஸ்காட் அங்கே போய்ச் சில நிமிடங்களில் திரும்பிவிடுகிறான், 2018இல் வந்த அடுத்த படத்தில் அந்த மனைவியும் திரும்பிவிடுகிறார். முதல் படத்தின் நடுவே, மார்வெல் தொடரின் மற்றப் படங்களோடு முடிச்சுப் போடுவதற்காகவே, ஃபால்கன் என்ற இன்னொரு நாயகனோடு ஒரு சண்டையும் உண்டு.

கிளைமாக்ஸ்தான் பெரும்பாலான இத்தகைய படங்கள் சறுக்கும் இடம். வானத்தில் ஓட்டை விழும், நகரம் இடியும், யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாது. ‘ஆன்ட்-மேன்’ தப்பித்தது இங்கேதான். அதன் இறுதிச் சண்டை ஒரு குழந்தையின் படுக்கையறையில், பொம்மை ரயில் தண்டவாளத்தின் மேல் நடக்கிறது. அருகிலிருந்து பார்த்தால் இரும்பு இயந்திரம் ஒன்று பேரிரைச்சலோடு நம்மேல் பாய்ந்து தடம்புரள்கிறது. உடனே கேமரா அறையின் மறுகோடிக்கு வர, ஒரு பிளாஸ்டிக் ரயில் ‘டொக்’ என்று பக்கவாட்டில் சாய்வதை மட்டும் காண்கிறோம். நானும் அக்கா மகனும் அந்த இடத்தை மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தோம்.

இதற்கு நேர்மாறான சான்றும் இதே வரிசையிலேயே இருக்கிறது. 2023இல் வந்த மூன்றாவது படம் கிட்டத்தட்ட முழுவதுமாக ஒரு நுண்ணுலகத்துக்குள் நடக்கிறது. அங்கே எல்லாம் கணினியில் பிறந்தவை. குளியல் தொட்டி, கம்பளம், பொம்மை ரயில் என்று நாம் அறிந்த பொருள் ஒன்றும் பக்கத்தில் இல்லாததால், ஒருவன் சிறியவனா பெரியவனா என்பதே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. முதல் படத்தைவிடப் பெரிய பட்ஜெட்டில் வந்தும் வசூல் 48 கோடி டாலரைத் தொடவில்லை. அக்கா மகன் பாதியிலேயே எழுந்து கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். நான்தான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன்.