சம்பளம் பெரிதுதான், பிஎஃப்?

கேள்வி: வயது 41. சென்னையில் ஐடி வேலை. கைக்கு மாதம் 2.4 லட்சம் வருகிறது. வீட்டுச் செலவு 1.2 லட்சம், மீதி பெரும்பாலும் இரண்டு ஃபிளாட்டுகளின் இஎம்ஐக்குப் போகிறது. போன முறை கம்பெனி மாறியபோது பழைய பிஎஃப் பணத்தை எடுத்து முன்பணம் கட்டினேன். இப்போதும் பிஎஃப் பிடிக்கிறார்கள், இரண்டாவது ஃபிளாட்டில் வாடகையும் வரும். ஓய்வுக்காலத்துக்கு இது போதும்தானே?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: போதாது. முதலில் சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்தம் எவ்வளவு என்று பாருங்கள். பெரிய சம்பளம் தரும் பல கம்பெனிகள் உண்மையான பேசிக்கில் (அடிப்படைச் சம்பளத்தில்) 12% பிடிப்பதில்லை. 2014-ல் நிர்ணயித்த 15,000 ரூபாய் சம்பள வரம்புக்கு மட்டும் கணக்கிட்டு 1,800 ரூபாய் பிடிக்கின்றன. கம்பெனியும் அதே 1,800தான் போடும். நீங்கள் பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் இருந்தால் அதிலும் 1,250 அங்கே போய்விடும். ஆக, கணக்கில் சேர்வது மாதம் 2,350 ரூபாய். 2024-25க்குத் தந்த 8.25% வட்டியே நீடித்தாலும், 58 வயதில் சுமார் 10 லட்சம் தேறும். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால் உங்கள் வீட்டுச் செலவு அதற்குள் 3.2 லட்சத்தைத் தொட்டிருக்கும். அந்தப் பணம் மூன்று மாதம் ஓடும், அவ்வளவுதான்.

உங்களைப் போல நன்றாகச் சம்பாதிப்பவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் கவலை. மாதாமாதம் பணம் வந்துகொண்டே இருப்பதால் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐடியில் 58 வரை இதே சம்பளம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே!

ஃபிளாட் வாடகையைப் பெரிதாக நம்பாதீர்கள். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் ஆண்டு வாடகை சிறிய தொகைதான். பராமரிப்பும், ஆள் இல்லாத மாதங்களும் தனி. இரண்டாவது ஃபிளாட்டின் இஎம்ஐ மூச்சு முட்டவைத்தால், விற்றுவிடுவதையும் யோசியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? உண்மையான பேசிக்கில் 12% பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் விபிஎஃப் (நீங்களாக விரும்பி பிஎஃப்பில் கூடுதலாகப் போடும் பணம்) போடுங்கள். உங்கள் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால் அதிகப்படித் தொகையின் வட்டிக்கு வரி உண்டு, அதுவரை கவலையில்லை. கம்பெனி வழியாக என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இருந்தால், பேசிக்கில் 14% வரை கம்பெனி போடும் பணத்துக்குப் புதிய வரி முறையிலும் விலக்கு கிடைக்கும். அடுத்த இன்க்ரிமென்ட்டில் பாதியை, அது செலவில் கலக்கும் முன்பே இவற்றுக்குத் திருப்பிவிடுங்கள். இனி வேலை மாறினால் பிஎஃப் பணத்தை எடுக்க வேண்டாம், புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விபிஎஃப் தொகையை மாற்ற ஆண்டில் குறிப்பிட்ட மாதத்தில் மட்டும் அனுமதிக்கும் கம்பெனிகள் உண்டு. அது எப்போது என்று எச்ஆரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.