டெயில்கேட் இடிக்கிறது, ஜாக் எட்டவில்லை: பிக்கப்புக்கு மாறிய தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, கேள்வியைப் படித்தேன். அமெரிக்கா வந்த கொஞ்ச நாளிலேயே பழைய டிராவல் டிரெய்லர் (வண்டியில் இழுத்துப் போகும் வீடு) ஒன்றை வாங்கி எஸ்யூவியில் இழுத்துக்கொண்டிருந்தீர்கள், கோடையில் அப்பா அம்மா வருகிறார்கள் என்று இப்போது உயரமான பிக்கப் எடுத்திருக்கிறீர்கள். எடுத்ததிலிருந்து இரண்டு தொல்லை. டிரெய்லர் மாட்டியிருக்கும்போது டெயில்கேட்டை (பின்கதவை) இறக்கினால், டிரெய்லரின் முன்முனையைத் தூக்கி நிறுத்தும் டங் ஜாக்கின் தலையில் போய் இடிக்கிறது. கழற்றும்போது ஜாக்கைக் கடைசிவரை சுற்றியும் டிரெய்லரின் கப்ளர் (பந்தைக் கவ்வும் பகுதி) வண்டியின் பின்னாலுள்ள இரும்புப் பந்தை விட்டு மேலே வரவில்லை, அடியில் பலகை அடுக்க வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரிக் ஜாக் போட்டால் இரண்டும் தீருமா என்பது கேள்வி.

மோட்டார் வைத்த ஜாக் கைவலியைத் தீர்க்கும், அவ்வளவுதான். உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் நீளம். கடையில் போய் நின்றால் டிரெய்லர் எத்தனை பவுண்டு என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்துக் கொடுப்பார்கள். என்ன வண்டியில் இழுக்கிறீர்கள் என்று பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், ஆனால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஜாக்கைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். எஸ்யூவியில் இருந்த அதே பால் மவுண்ட்டை (பந்து உட்காரும் இரும்புத் துண்டை) பிக்கப்பின் ரிசீவரில் (பின்னாலுள்ள சதுரக் குழாயில்) சொருகியிருக்கிறீர்களா? அப்படியானால் பந்து பழைய உயரத்தைவிட மேலே இருக்கும், டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் ஓடும், ஜாக்கும் அந்த அதிக உயரத்துக்கு எட்ட வேண்டும். சமதரையில் டிரெய்லரை மட்டும் நிறுத்தி, முன்னும் பின்னும் ஃப்ரேமின் உயரம் ஒன்றாக வரும்வரை ஜாக்கைச் சுற்றி, அந்த நிலையில் கப்ளர் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மாட்டியபின் வண்டியின் பின்பக்கம் பாரத்தில் கொஞ்சம் அமுங்கும், அதையும் கணக்கில் சேர்த்து, பந்து அந்த உயரத்துக்கு வருகிற மாதிரி கீழே இறங்கிய பால் மவுண்ட் ஒன்றைப் போடுங்கள். இதிலேயே ஜாக் எட்டாத பிரச்சினை பாதி குறைந்துவிடும். இதைச் செய்யாமல் எவ்வளவு நீளமான ஜாக் வாங்கினாலும் வீண்.

சரி, இப்போது ஜாக்குக்கு வருகிறேன். ஏ வடிவ ஃப்ரேமின் முன்முனையில் ஒரு தகடு, அதில் இரண்டேகால் அங்குல ஓட்டை, சுற்றி முக்கோணமாக மூன்று போல்ட் ஓட்டைகள். ஜாக்கின் குழாய் பெரிய ஓட்டை வழியாக இறங்கி நிற்கிறது, அதன் விளிம்புத் தகடு மூன்று போல்ட்டில் உட்காருகிறது. உள்குழாய் இறங்கி ஏறும், வெளிக்குழாயும் தலையும் அசையாது. அதனால் 18 அங்குலம் நீளக்கூடிய ஒரு ஜாக்கை வாங்கினால், அந்த நீளம் மடங்கியிருக்கும்போதும் எங்காவது இருந்தாக வேண்டும். விளிம்புக்கு மேலே இருந்தால் டெயில்கேட்டில் இடிக்கும். கீழே இருந்தால் தரைக்குப் பக்கத்தில் தொங்கும், பெட்ரோல் பங்க் வாசலில் சாலை மேடேறும் இடத்தில் பாதத்தைக் கொண்டுபோய் இழுக்கும். எட்டவில்லை என்று நீளமான ஜாக்காகப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு டெயில்கேட் தொல்லை இன்னும் கூடிப்போவது இதனால்தான்.

இதிலிருந்து தப்பிக்க நல்ல வழி டிராப் லெக் உள்ள ஜாக். உள்குழாய்க்குள் இன்னொரு கால் இருக்கும், பின்னை உருவினால் அது கீழே இறங்கும், வேண்டிய ஓட்டையில் பின்னைத் திரும்பச் சொருக வேண்டும். மோட்டாரோ கைப்பிடியோ சுற்றாமலேயே சில அங்குலம் கிடைத்துவிடும், ஓடும்போது காலை மேலே ஏற்றிவிட்டால் தரையிலும் இடிக்காது. பலகை அடுக்குவதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. குறுகலாக உயர்ந்த அடுக்கின்மேல் டிரெய்லரின் மூக்கை நிறுத்துவது நல்லதில்லை, லேசாக உருண்டாலும் அடுக்கு சரிந்துவிடும்.

அளவு எடுக்க ஒரு உதாரணம் சொல்கிறேன், உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். டிரெய்லர் மட்டமாக இருக்கும்போது ஜாக் உட்காரும் தகடு தரையிலிருந்து 22 அங்குலம் என்று வையுங்கள். பந்தை விட்டுக் கப்ளர் முழுக்க விலக இன்னும் ஒரு 4 அங்குலம் மேலே போக வேண்டும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (டிரெய்லரின் பாரத்தை வண்டியின் முன்சக்கரத்துக்கும் பகிரும் இணைப்பு) வைத்திருந்தால் அதற்கும் ஒன்றிரண்டு அங்குலம் கூட வேண்டும். ஆக 27, 28 அங்குலம் எட்ட வேண்டும். விளிம்புக்குக் கீழே மடங்கிய நீளம் 10 அங்குலமும் ஓட்டம் (நீளக்கூடிய அளவு) 15 அங்குலமும் உள்ள ஜாக் 25-ல் நின்றுவிடும். ஓட்டம் 18 என்றால் 28. அட்டைப்பெட்டியில் ஓட்டத்தை மட்டும் பெரிதாக எழுதியிருப்பார்கள், விளிம்புக்குக் கீழே எவ்வளவு, மேலே எவ்வளவு என்பது உள்ளே இருக்கும் வரைபடத்தில்தான் இருக்கும். வாங்குவதற்கு முன் அதைத் தேடிப் பாருங்கள்.

மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை டிரெய்லரை மாட்டி, சாமான் ஏற்றி, நேராக நிறுத்திய நிலையில் அளக்க வேண்டும். டெயில்கேட்டைக் கையில் பிடித்து மெதுவாக இறக்குங்கள், அதன் விளிம்பு வளைந்து வரும் பாதையையும் பாருங்கள், கடைசியில் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. வண்டி திரும்பி நிற்கும்போது டெயில்கேட்டின் மூலை எங்கே வருகிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உள்ளுக்குள் இன்னொரு கதவு மடங்குகிற டெயில்கேட் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அந்த உள்கதவு பந்தின்மேலேயே இடிக்க வாய்ப்பிருக்கிறது. இடிப்பது ஜாக்கின் தலையா, கைப்பிடி மட்டுமா என்று பாருங்கள். கைப்பிடி மட்டும் என்றால் செலவே இல்லை: மூன்று போல்ட்டையும் கழற்றி ஜாக்கை மூன்றில் ஒரு பங்கு சுற்றுத் திருப்பி மாட்டலாம். ஆனால் திருப்பிய பக்கம் கேஸ் சிலிண்டரின் மூடியில் கைப்பிடி உரசாமல் முழுச் சுற்றுச் சுற்றுகிறதா என்று போல்ட் இறுக்கும் முன்பே சரிபாருங்கள்.

பால் மவுண்ட்டை நீளமாகப் போட்டால் டெயில்கேட்டுக்கு இடம் கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்து பின்அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக அதே பாரம் வண்டியின் பின்பக்கத்தை இன்னும் அழுத்தும், முன்சக்கரத்தின் பிடி குறையும், டிரெய்லர் பக்கவாட்டில் ஆடுவதும் கூடும். குடும்பத்தை உட்காரவைத்து ஓட்டுகிற வண்டியில் டெயில்கேட்டுக்காக இதைச் செய்யாதீர்கள்.

ஜாக் எத்தனை பவுண்டு தாங்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். கப்ளரின்மேல் வரும் எடை, ஏற்றிய டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 6,000 பவுண்டு டிரெய்லருக்கு 600 முதல் 900. அப்படியானால் 2,000 பவுண்டு ஜாக்கே தாராளம் என்று தோன்றும். ஆனால் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சில் ஸ்பிரிங் பாரை (பாரத்தைப் பகிரும் கம்பியை) மாட்டும்போது, கப்ளர் பூட்டியிருக்க, ஜாக் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்தே தூக்குகிறது. அதனால் 3,500 பவுண்டு எடுங்கள். அந்த 600, 900 பவுண்டு உங்கள் பிக்கப்பின் சுமைக் கணக்கிலும் சேரும், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று இருக்கும். அப்பா அம்மாவையும் பெட்டிகளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

மாற்றுகிற வேலையை நீங்களே செய்யலாம், இங்கே கூலிதான் அதிகம். டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டிய நிலையிலேயே செய்யுங்கள், அப்போது மூக்கைப் பந்து தாங்கும், ஜாக்கில் பாரம் இருக்காது. சமதரை, ஹேண்ட் பிரேக், டிரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை, கப்ளர் பூட்டில் பின், ஃப்ரேமுக்கு அடியில் ஒரு ஜாக் ஸ்டாண்டும் வைத்துவிடுங்கள். பழைய ஜாக்கை மேலே உருவ முயன்று வராமல் நின்றால் பயப்பட வேண்டாம், பாதம் ஓட்டையைவிடப் பெரியது, முதலில் அதன் பின்னை எடுத்துப் பாதத்தைக் கழற்ற வேண்டும். இன்னொன்று, கையோடு கொண்டுவந்த மில்லிமீட்டர் ஸ்பேனர்களை எடுக்காதீர்கள். போல்ட் பெரும்பாலும் 3/8 அங்குலம், அதன் தலைக்கு 9/16 அங்குல ஸ்பேனர். 14 உள்ளே நுழையாது, 15 தளர்வாக உட்கார்ந்து தலையின் மூலைகளைத் தேய்த்துவிடும், துருப்பிடித்த போல்ட்டில் அப்புறம் பெரும்பாடு.

எலெக்ட்ரிக்தான் வேண்டும் என்றால், 12 வோல்ட் கம்பியை பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து நேராக எடுங்கள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஜாக்கின் கையேட்டில் சொன்ன ஃப்யூஸ், வழக்கமாக 30 ஆம்பியர். நெகட்டிவ் பெரும்பாலும் அந்த மூன்று போல்ட் வழியாக ஃப்ரேமுக்குத்தான் போகிறது. தகட்டில் பெயின்ட் இருந்தால் மோட்டார் முனகும், நிற்கும். ஒரு போல்ட்டைச் சுற்றிப் பளபளப்பான இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். பிரேக்அவே சுவிட்சின் கம்பியில் மட்டும் கை வைக்க வேண்டாம், டிரெய்லர் பிரிந்து ஓடினால் பிரேக் பிடிக்க வைப்பது அதுதான். பேட்டரி தீர்ந்தால் கையால் சுற்ற ஒரு கம்பி கொடுப்பார்கள், தலையில் ரப்பர் மூடிக்கு அடியில் அதற்கான குழி இருக்கும். அந்தக் கம்பியைப் பிக்கப்பிலேயே போட்டு வையுங்கள்.

முதல் பயணம் முடிந்ததும் மூன்று போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். தகட்டின் உயரம், டெயில்கேட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, பந்தின் உயரம், இந்த மூன்றையும் அளந்து எழுதுங்கள், எந்த நீளம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.