கல்முனையில் விலைக்கு வந்திருக்கும் ஸ்கீ செட்டை வாங்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் ஆரையம்பதி. விசா கிடைத்தால் பெப்ரவரியில் பேர்ணில் இருக்கும் மாமி மகனிடம் போகிறேன். புதுப்பனி விழுந்த அடுத்த நாளே ஸ்கீ டூரிங் (பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயோடு மலையேறிச் சறுக்கி இறங்குவது) கூட்டிப்போய் ஒரு மலை உச்சியில் ஏற்றிக் காட்டுவதாக மச்சான் சொல்கிறான். நான் இதுவரை பனியைக் கண்ணால் கண்டதில்லை. கல்முனையில் ஒருவர் சுவிஸை விட்டு வரும்போது கொண்டுவந்த முழுச் செட்டையும், அதாவது ஸ்கீ, சப்பாத்து, பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி எல்லாம் சேர்த்து, 90,000 ரூபாவுக்குத் தருகிறாராம். அங்கே புதிதாக வாங்கினால் பல மடங்கு ஆகும் என்று மச்சானும் சொல்கிறான். வாங்கவா?

பதில்: வேண்டாம் தம்பி. விலை மலிவுதான், அதில் பொய் இல்லை, ஆனால் அந்தச் சாமான் இப்போது என்ன நிலையில் இருக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். ஸ்கீ சப்பாத்தின் ஓடு பிளாஸ்டிக். அதிலும் பாலியூரித்தேன் வகை ஈரமும் சூடும் பட்டு வருஷக்கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும், வெளியில் பளபளவென்று இருக்கும், ஒரு நாள் காலில் போட்டு அழுத்தும்போது துண்டு துண்டாக வெடிக்கும். கல்முனைக் கடற்காற்றில் அலுமாரிக்குள் கிடந்த சப்பாத்துக்கு இதைவிடக் கெட்ட இடம் இல்லை. அடுத்தது ஸ்கின். டூரிங்கில் ஸ்கீயின் அடியில் ஒட்டி ஏறுகிற நீளப் பட்டி அது. பூனையின் முதுகு மாதிரி ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் மயிர் எழும்பித் தடுக்கும், அதனால்தான் ஸ்கீயோடு மேட்டில் ஏறமுடிகிறது. அந்தப் பட்டியின் பசை நம் ஊர் வெயிலில் இளகி நாசமாகியிருக்கும். பாதி வழியில் ஸ்கின் கழன்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

தேடும் கருவியைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். சுவிஸில் அதை எல்விஎஸ் என்பார்கள். எல்லாக் கம்பனியின் கருவியும் 457 கிலோஹேர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் வேலை செய்வதால் பழையது புதியதோடு பேசும், அது சரி. ஆனால் இப்போது வருகிறவற்றில் மூன்று அன்ரனா இருக்கும், பழையவற்றில் ஒன்றோ இரண்டோதான், அதை வைத்துத் தேட நல்ல பழக்கம் வேண்டும், நேரமும் கூட எடுக்கும். பற்றரியைக் கழற்றாமல் வைத்திருந்தால் ஒழுகி உள்ளே துருப்பிடித்திருக்கும். பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தவர் உயிரோடு கிடைப்பது பெரும்பாலும் முதல் 10, 15 நிமிடத்துக்குள், அதற்குப் பிறகு வாய்ப்பு மளமளவென்று விழுகிறது. ஹெலிகொப்டர் வந்து சேருவதற்குள் அந்த நேரம் போய்விடும், ஆகவே காப்பாற்றப்போவது பக்கத்தில் நிற்கும் மச்சான்தான், அல்லது மச்சானுக்கு நீங்கள். அதனால் ஒவ்வொருவரிடமும் எல்விஎஸ், பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கம்பி, உலோகச் சவள் மூன்றும் இருக்கவேண்டும், மூன்றையும் பாவிக்கப் பழகியிருக்கவும் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பனிக்குள் ஒரு கருவியைப் புதைத்துவைத்துத் தேடிப் பழகாமல் மச்சானோடு புறப்படாதீர்கள். போன் எல்விஎஸ்ஸுக்குக் கிட்ட இருந்தால் அதைக் குழப்பும், தேடும்போது குறைந்தது 50 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டிவைக்கும் பைண்டிங்கைக்கூட உங்கள் எடை, சப்பாத்தின் நீளம், பழக்கம் மூன்றையும் பார்த்துக் கடைக்காரர் திருத்தித் தரவேண்டும். கல்முனையில் அதை யார் செய்வது? பில் இல்லாமல் தனி ஆளிடம் வாங்கிவிட்டு, பிறகு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தாலும் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்கு, சுவிஸில் வாடகைக்குக் கிடைக்கிற சாமானை இங்கிருந்து பாரத்துக்குக் காசு கட்டிச் சுவிஸுக்கே கொண்டுபோவதா? பேர்ண் போன்ற நகரங்களின் மலைச்சாமான் கடைகளில் டூரிங் ஸ்கீ, ஸ்கின், சப்பாத்து, எல்விஎஸ் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். சப்பாத்தை அங்கே காலில் போட்டுப் பார்த்து எடுங்கள்.

இனி மச்சானின் திட்டத்துக்கு வருகிறேன், அவர் கோபித்தாலும் பரவாயில்லை. பனியையே காணாத ஒருவரைப் புதுப்பனியில் உச்சிக்குக் கூட்டிப்போவது சரியில்லை. ஏறுவதில் பெரிய வித்தை இல்லை, குதி மேலே எழும்பும்படி பைண்டிங் திறந்திருக்கும், வளைந்து வளைந்து நடப்பதுதான், மணிக்கு 300 அல்லது 400 மீற்றர் உயரம் என்று கணக்கு வையுங்கள். உச்சியில் ஸ்கின்னை உரித்துக் குதியைப் பூட்டியதும்தான் பிரச்சினை தொடங்குகிறது, ஏனென்றால் முழங்கால் அளவு தூள்பனியில் இறங்க, மட்டப்படுத்திய சறுக்குப்பாதையான பிஸ்டில் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களே தடுமாறுவார்கள். முதலில் சில நாள் ஆசிரியரோடு பிஸ்டில் பழகுங்கள், காசு அதற்குப் போகட்டும். இந்த முறையே ஒரு உச்சியில் நிற்கவேண்டும் என்று ஆசையாக இருந்தால், குறி போட்ட பாதையில் ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கச் சப்பாத்தில் கட்டும் அகலத் தட்டு) போட்டு நடந்து ஏறலாம், வாடகையும் குறைவு. எனக்கு டூரிங் மேல் அவ்வளவு ஆசை உண்டு, விடிய வெளிக்கிட்டு மூன்று மணித்தியாலம் மூச்சு வாங்க ஏறி, ஒரு தடமும் விழாத சரிவில் இறங்குகிற சுகத்தை ஒருவருக்கும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

புதுப்பனி விழுந்த முதல் வெயில் நாள்தான் பார்க்க மிக அழகு, ஆபத்தும் அன்றைக்குத்தான் கூட. டாவோஸில் இருக்கும் எஸ்எல்எஃப் என்ற பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடும், காலை 8 மணிக்கும் ஒன்று வரும். ஒன்று முதல் ஐந்து வரை மட்டம். மூன்று நடுவில்தானே என்று தோன்றும், ஆனால் சுவிஸில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அந்த மட்டத்தில்தான் இறக்கிறார்கள். 30 பாகைக்கு மேல் சரிந்த இடங்களைத்தான் கவனிக்கவேண்டும். பிற்காலத்தில் டூரிங் போகும்போது மலை வழிகாட்டி ஒருவரை நாலைந்து பேர் சேர்ந்து அமர்த்துங்கள். ஒரு நாளுக்கு 600 பிராங்குக்கு மேல் போகும், பகிர்ந்தால் தாங்கக்கூடிய காசு.

விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்புறுதியையும் வாசித்துப் பாருங்கள். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பு இருந்தால் விசாவுக்குப் போதும், ஆனால் பல காப்புறுதிகளில் பிஸ்டுக்கு வெளியே சறுக்குவது விலக்கு. சிறிய எழுத்தில் இருக்கும். முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். மகன் ஆஸ்திரியாவின் இன்ஸ்புறூக்கில் படிக்கிறான், மூன்று வருடமாக ஸ்கீ ஓடுகிறான். இப்போது டூரிங்குக்கு ஏர்பேக் உள்ள முதுகுப்பை வேண்டுமென்று 800 யூரோ கேட்கிறான். தேவையா, ஏமாற்றுகிறானா?

பதில்: ஏமாற்றவில்லை, அப்படி ஒரு பை உண்டு, விலையும் ஏறக்குறைய அதுதான். அதன் பிடியை இழுத்தவுடன் காற்றுப்பை விரிந்து, சரிகிற பனியின் மேற்பரப்பில் ஆளை வைத்திருக்க உதவும். ஆனால் இழுக்க நேரம் கிடைக்கவேண்டும், மரத்திலும் பாறையிலும் மோதினால் அதால் காப்பாற்ற ஏலாது. எல்விஎஸ், கம்பி, சவள் மூன்றும் இருக்கிறதா, பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புக்குப் போனானா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் காசை அதற்குக் கொடுங்கள். கூடவே ஆஸ்திரிய அல்பைன் சங்கத்தில் அங்கத்தவராகச் சொல்லுங்கள், அந்த அங்கத்துவத்தோடு மீட்புக் காப்புறுதியும் வருகிறது. அங்கே மலையில் விபத்து என்றால் ஹெலிகொப்டர் செலவு ஆயிரக்கணக்கான யூரோ, சாதாரண மருத்துவக் காப்புறுதி அதைப் பெரும்பாலும் கட்டாது. மலை அவசர இலக்கம் 140, போனில் பதிந்துவைக்கட்டும். இதெல்லாம் ஆனபின் காசு மிஞ்சினால் பையை வாங்கிக் கொடுங்கள். கேஸ் சிலிண்டர் உள்ள வகையை விமானத்தில் கொண்டுபோக முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் அனுமதி எடுக்கவேண்டும்.

கேள்வி: களுவாஞ்சிகுடி. மகளிடம் சுவிஸ் போகிறோம், மருமகன் ஒரு நாள் பனிமலைக்குக் கூட்டிப்போவாராம். குளிர் ஜக்கெட்டை இங்கேயே வாங்கலாமா?

பதில்: தாராளமாக. நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகள் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை கொழும்பில் மலிவாகக் கிடைக்கும், சிப்பையும் தையலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுங்கள். தடித்த ஒன்றைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது, உள்ளே பருத்தி வேண்டாம், வியர்த்தால் ஈரம் காயாமல் குளிரும். வெயில் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள், பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நம் கல்லடிக் கடற்கரை மணலைவிடக் கடுமை, கண் சிவந்து இரவெல்லாம் நோகும். முழு யூவி பாதுகாப்பு என்று எழுதியிருக்கும் கண்ணாடியை பில்லோடு கடையில் வாங்குங்கள், வீதியோரத்தில் வேண்டாம்.