பிழைக்கத் தெரிந்தால் போதாதா?

கேள்வி: ஏழு வருடங்களாக ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அலுவலகக் கூட்டம், மின்னஞ்சல், கடை எல்லாவற்றையும் ஜெர்மனிலேயே சமாளிக்கிறேன். அதற்கு மேலும் சிலர், அந்த ஊர்க்காரர்கள் போலவே பேசவேண்டும் என்று உயிரைவிட்டு உழைக்கிறார்களே, வெறும் பெருமைக்குத்தானே?

பதில்: இல்லை. பெருமைக்காகத் தொடங்குகிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

தேவை நம்மை ஓரளவுக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும். சொல்வது எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிட்டால், தவறான வேற்றுமை உருபை அப்புறம் யார் திருத்திக்கொள்ளப்போகிறார்கள்? பிழை அப்படியே இறுகிவிடும். மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972-இல் இதைப் 'புதைபடிவமாதல்' என்றார். 'சமாளிக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான் இது.

அதைத் தாண்ட வைப்பது அந்த மனிதர்கள் மேல் வரும் ஆசை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிரெஞ்சு படித்த, ஆங்கிலம் பேசும் பள்ளி மாணவர்களைப் பற்றிக் கார்ட்னர், லாம்பெர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1959-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலைக்கு உதவும் என்று படித்தவர்களைவிட, பிரெஞ்சு பேசுகிறவர்களோடு பழக விரும்பியவர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள். வேறு இடங்களில் வேலைத்தேவையும் நன்றாகவே கைகொடுத்திருக்கிறது, சரி. ஆனால் கடைசிப் படிகளுக்கு அது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

நண்பர்கள் கூடியிருக்கும் ஒரு மேசையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் அரை வாக்கியம் சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். உங்களுக்கு அது புரிந்து சிரிப்பு வருவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அல்லது நீங்கள் அவர்கள் மொழியில் கேட்கிறீர்கள், அவர் கனிவாக ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். அந்தக் கனிவு வலிக்கும். நேசிக்கிறவரிடம் கோபித்துக்கொள்ளக்கூட வார்த்தை தேடி நிற்பது அதைவிட வலிக்கும். இந்த வலி தாங்காமல்தான் பலர் இரவெல்லாம் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

'போலவே' என்றால் உச்சரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். போலந்துக்காரரான ஜோசப் கான்ராட் 1878-இல், இருபது வயதில்தான் முதன்முதலாக ஓர் ஆங்கிலேயக் கப்பலில் வேலைக்கு ஏறினார். கூட வேலை செய்த மாலுமிகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகி, பின்னாளில் ஆங்கிலத்தின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவரானார். போலிஷ் வாடை மட்டும் கடைசிவரை அவர் பேச்சைவிட்டுப் போகவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூட்டம் இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது, கடை இருக்கிறது. ஏழு வருடத்தில் ஒரு நண்பர்கூட அதில் இல்லையே?